பற்றும் பங்கும்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் மீன் பங்கீட்டையும் கால்பந்து நுழைவுச்சீட்டையும் பற்றிப் பேச வேண்டிய தேவை என்னவென்று சிலர் எண்ணக்கூடும். பொருள் புதியது; வினா பழையது. கவியரங்கில் எண்மருக்கே இடமுண்டு; பாட விழைவோர் முப்பதின்மர். பத்தாண்டுகள் மழையிலும் வெயிலிலும் தவறாது வந்து அமர்ந்தவருக்கே முதலிடம் உரியதா, சென்ற திங்களில் சேர்ந்த இளங்கவிஞருக்கும் ஓரிடம் உரியதா? இவ்வினாவைச் சந்திக்காத இலக்கிய அமைப்பு எந்த ஊரிலும் இராது. வேண்டுவோர் பலராகவும் பொருள் சிலவாகவும் இருக்கும்போது, 'முன்பு யார் பெற்றார்' என்னும் பழைய கணக்கு எவ்வளவு தூரம் செல்லத்தக்கது? இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையிலுள்ள துறைமுக நகரம் ஒன்று இவ்வினாவைக் கடலிலும் எதிர்கொண்டது, விளையாட்டரங்கிலும் எதிர்கொண்டது. அந்நகரத்தின் பெயர் கிரிம்ஸ்பி.

ஹம்பர் ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தின் தென்கரையில் கிரிம்ஸ்பி அமைந்துள்ளது. அதன் துறையில் 1852இல் எழுப்பப்பட்ட செங்கற்கோபுரம் ஒன்று இன்றும் நிற்கின்றது. இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்துக் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பிய அது, வழிபாட்டுக்கோ வெற்றிக்கோ எழுந்ததன்று. துறைமுகக் கதவுகளையும் பாரந்தூக்கிகளையும் இயக்கும் நீரழுத்தத்திற்காக உயரத்தில் நீரைத் தேக்கிவைத்த தொட்டிக்கு அது மேலுறை. உழைப்புக்கு இத்தனை அழகிய ஆடை போர்த்திய ஊரைக் கவிஞர்கள் போற்றாமல் இருக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாகக் கிரிம்ஸ்பி விளங்கியது. அதன் இழுவைக் கப்பல்கள் தம் கரையோரத்தில் மட்டும் வலை வீசியவை அல்ல. வடக்கே ஐஸ்லாந்துக் கடல்வரை சென்று காட், ஹேடக் ஆகிய மீன்களைக் கொணர்ந்தன. ஐஸ்லாந்து தன் கடலெல்லையை 1958இல் 12 கல்லாகவும், 1972இல் 50 கல்லாகவும், 1975இல் 200 கல்லாகவும் விரித்தது. பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சென்றன, வலைகள் அறுபட்டன, கப்பலும் கப்பலும் மோதின. 'காட் போர்கள்' என்று பெயர்பெற்ற அப்பூசல் 1976இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிந்தது. தொலைகடல் மீன்பிடிப்பை நம்பிய கிரிம்ஸ்பியும் அதன் அண்டைத் துறைமுகமாகிய ஹல்லும் அந்த அடியிலிருந்து மீளவில்லை. இதனை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் கிரிம்ஸ்பியின் வீழ்ச்சிக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒன்றே காரணம் என்னும் கூற்றுப் பின்னாளில் பெரிதும் வலுப்பெற்றது. உண்மை அத்துணை எளியதன்று.

ஆயினும் அக்கூற்றில் உண்மையே இல்லை என்பதும் பொருந்தாது. பிரித்தானியா 1973 ஜனவரி 1ஆம் நாள் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1970இல், அப்போதைய ஆறு உறுப்பு நாடுகளும் தம்முள் ஒரு விதி வகுத்துக்கொண்டன: உறுப்பு நாடுகளின் கடல்நீர் அனைத்தும் எல்லா உறுப்பு நாட்டு மீனவருக்கும் பொது. மீன்வளம் மிக்க பிரித்தானியா, அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகள் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்த வேளை அது. விருந்தினர் உள்ளே வருமுன், அவர்கள் கொண்டுவரும் பண்டமும் பொதுப்பந்திக்கு உரியதென வீட்டார் தீர்மானித்தாற்போன்ற செயல் என்க. நார்வே மக்கள் 1972இல் வாக்கெடுப்பு நடத்தி வாயிலிலேயே திரும்பிவிட்டனர்.

பொதுக்கடலில் யாருக்கு எவ்வளவு மீன் என்பதற்கு 1983இல் ஒரு வாய்பாடு காணப்பட்டது. 1973 முதல் 1978 வரை எந்நாட்டார் எவ்வகை மீனை எவ்வளவு பிடித்தனர் என்பதே அதன் அடித்தளம். மீன்பிடிப்பை நம்பி வாழும் கடலோர ஊர்களின் நிலையும், ஐஸ்லாந்து போன்ற அயற்கடல்களில் நேர்ந்த இழப்பும் ஓரளவு கருதப்பட்டன. எனினும் பழைய பிடிப்பே முதன்மை அளவுகோல். இதற்குச் 'சார்புநிலை உறுதிப்பாடு' என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் பிடிக்கத்தக்க மீனின் அளவு கூடலாம், குறையலாம். ஒவ்வொரு நாட்டின் விழுக்காடு மட்டும் மாறாது. இதன் விளைவாக ஆங்கிலக் கால்வாயில் பிடிக்கத்தக்க காட் மீனில் பிரான்சுக்கு 84 விழுக்காடும் பிரித்தானியாவுக்கு 9 விழுக்காடும் என்றாயிற்று. கணக்கெடுத்த ஆண்டுகளின் முற்பகுதியில் பிரித்தானியப் பெருங்கப்பல்கள் பல ஐஸ்லாந்துக் கடலில் இருந்தன. அயலூரில் உழுதவனுக்குத் தன்னூர்ப் பேரேட்டில் பற்றுவரவு இராது அல்லவா? அதுவே இங்கு நேர்ந்தது. மீன் எங்கு வாழ்கின்றதோ அக்கடலுக்குரிய நாட்டுக்கே அம்மீன் என்பது பிரித்தானியர் முன்வைத்த மாற்று அளவுகோல். எங்கள் பாட்டன் காலந்தொட்டு இக்கடலில் வலைவீசுகின்றோம் என்பது நார்மண்டி, பிரித்தானி மீனவரின் விடை. இரண்டிலும் நியாயம் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் முழுப்பங்கையும் பெறுதல் இயலாது.

இனி விளையாட்டரங்கம். கிரிம்ஸ்பி டவுன் கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்களமாகிய பிளண்டெல் பார்க் கிரிம்ஸ்பியில் இல்லை. அடுத்துள்ள கிளீத்தோர்ப்ஸ் என்னும் ஊரில் உள்ளது. ஆதலால் இக்கழகம் தன் ஆட்டங்களை எல்லாம் வெளியூரிலேயே ஆடுகின்றது என்னும் நகைமொழி அங்கு நெடுநாளாய் வழங்குகின்றது. ஏறத்தாழ 9,000 பேர் அமரத்தக்க அரங்கம். அதன் பழைய பந்தலின் ஒரு பகுதி 1901இல் கட்டப்பட்டது. இக்கழகத்தின் ஆதரவாளர் வெளியூர் செல்லும்போது காற்றடைத்த மீன் பொம்மைகளைக் கையிலேந்திச் செல்வர். அதற்கு 'ஹாரி ஹேடக்' என்று பெயர். 1989ஆம் ஆண்டுக் கோப்பைப் போட்டியில் இலண்டனின் விம்பிள்டன் கழகத்தை எதிர்த்து ஆடச் சென்றபோது இம்மீன்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தாடின. கப்பல்கள் போயின, மீன் போயிற்று. காற்றடைத்த மீன் மட்டும் ஊரின் கொடியாய் நின்றது. இதனைக் கேலி என்று கொள்வாரும் உளர். ஓர் ஊர் தன் இழப்பைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆடுகின்றது என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

வெளியூர் ஆட்டத்திற்குச் செல்வோருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. பிரீமியர் லீக் விதிப்படி வரும் கழகத்திற்கு 3,000 சீட்டுகள். அரங்கம் 30,000 பேருக்கும் குறைவாகக் கொள்வதாயின் அதில் பத்தில் ஒரு பங்கு. 74,000 பேர் அமரும் ஓல்டு டிராஃபோர்டு அரங்கிலும் வருவோருக்கு 3,000 இடங்களே உரிமை. பதினோராயிரத்துச் சொச்சம் பேரே அமரக்கூடிய போர்ன்மவுத் அரங்குக்குப் பெரிய கழகமொன்று செல்லும்போது, நாடெங்கும் இலட்சக்கணக்கில் ஆதரவாளர் உடைய அக்கழகத்திற்கு ஆயிரத்து நூறைச் சுற்றியே சீட்டுகள் கிட்டும். எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் இது தாராளம்: அரங்கின் கொள்ளளவில் 15 விழுக்காடு வரை வருவோர் கேட்டுப் பெறலாம்.

இச்சீட்டுகளை ஏலத்தில் விடுவது எளிது. சந்தைப் பொருளியல் அதனையே பரிந்துரைக்கும். ஆங்கிலேயக் கால்பந்து உலகம் அவ்வழியிற் பாதித்தூரம் சென்று திரும்பியது. 2016 பிப்ரவரி 6ஆம் நாள் லிவர்பூல் அரங்கில், உயர்ந்த சீட்டின் விலை 77 பவுண்டாக உயரவிருந்ததை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அப்போது 2-0 என முன்னணியில் நின்ற அவர்தம் அணி, அவர்கள் சென்றபின் சண்டர்லாந்து இரு கோல் அடிக்க, 2-2 எனச் சமநிலையில் ஆட்டத்தை முடித்தது. கழக உரிமையாளர்கள் சில நாளில் விலையுயர்வைக் கைவிட்டனர். அடுத்த திங்களில் பிரீமியர் லீக் கழகங்கள் வெளியூர்ச் சீட்டின் விலைக்கு 30 பவுண்டு என உச்சவரம்பு விதித்தன. 2016-17 ஆட்டப்பருவம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. வெளியூர் ஆதரவாளர் இன்றேல் அரங்கின் ஆரவாரமே அடங்கிவிடும் என்பதைத் தொலைக்காட்சிக்கு விற்போர் நன்கறிவர். அவ்வறிவும் இம்முடிவுக்கு உதவியிருக்கும்.

விலை தாழ்ந்தது, வேண்டுவோர் தொகை தாழவில்லை. எனவே வேறொரு சல்லடை தேவையாயிற்று. பெரும்பாலான கழகங்கள் கொண்ட சல்லடை பழைய கணக்கே. வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குச் சென்றால் இத்தனை புள்ளி, மிகுந்த புள்ளி உடையோர்க்கு முதலுரிமை, எஞ்சினால் அடுத்தவர்க்கு. மார்கழிக் குளிரில், வார நாளில், தோற்பது உறுதி என்று தெரிந்தும் முந்நூறு கல் தொலைவு சென்றவனை, இறுதியாட்டத்தன்று மட்டும் தலைகாட்டுவோனோடு ஒப்பவைக்க யாருக்கும் மனம் வராது. இம்முறையின் வலிமை அதுவே.

குற்றமும் அங்கேயே உள்ளது. புள்ளி இருந்தால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் புள்ளி. இருபது வயது இளைஞன் எவ்வாயில் வழியே உள்ளே வருவான்? பேருந்துக் கட்டணமும் இல்லாத ஆண்டுகளைக் கடந்து வந்தவள், குழந்தை பெற்று இரண்டு பருவம் வீட்டிலிருந்தவள், எந்தக் கணக்கில் மீண்டும் சேர்வாள்? புள்ளியைக் காத்துக்கொள்ளச் சீட்டை வாங்கித் தாம் செல்லாது பிறருக்குக் கொடுப்போரும் பெருகினர். அதனைத் தடுக்கக் கழகங்கள் சில, வாங்கியவரே அடையாளச் சான்றுடன் அரங்க வாயிலில் வந்து பெறுமாறு செய்கின்றன. கூடுதல் விலைக்கு விற்றல் அறமன்று என்பதோடு நில்லாமல், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய ஒப்புதலின்றிக் கால்பந்துச் சீட்டை விற்பதே குற்றம். இசை நிகழ்ச்சிச் சீட்டுக்கு இவ்விலக்கு இல்லை. எதிரெதிர் ஆதரவாளர் ஒரே பந்தலில் கலத்தலால் வரும் இடரை அஞ்சி இயற்றிய சட்டம் அது.

சீட்டுப் பங்கீடு வெறும் பொழுதுபோக்குச் சிக்கலன்று என்பதை உணர 1989 ஏப்ரல் 15ஆம் நாளை நினைத்தல் தகும். ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் அரையிறுதி ஆடின; இருவர்க்கும் அது வெளியூர். ஆதரவாளர் மிகுந்த லிவர்பூலுக்கு ஏறத்தாழ 24,000 சீட்டுகளும், அவரினும் குறைந்த ஃபாரஸ்டுக்கு ஏறத்தாழ 30,000 சீட்டுகளும் ஒதுக்கப்பட்டன. எத்திசையிலிருந்து வருவோர் எவ்வாயிலைச் சேர்தல் எளிது என்னும் காவல்துறைக் கணக்கு அதற்கு அடிப்படை. முந்திய ஆண்டும் அவ்வாறே நடந்தது. லிவர்பூல் கழகத்தின் மறுப்பு ஏற்கப்படவில்லை. அன்று நேர்ந்த நெரிசலில் 97 உயிர்கள் மாய்ந்தன. அச்சாவுகளுக்குச் சீட்டுக் கணக்கே காரணம் எனல் தவறு. வெளிக்கதவைத் திறக்கச் செய்து, நிரம்பிய பகுதிக்குச் செல்லும் சுரங்கவழியை அடைக்காது விட்ட காவல் மேலாண்மையே முதன்மைக் காரணம். அவை சட்டத்திற்குப் புறம்பான சாவுகள் எனவும், ஆதரவாளர் மீது பிழையில்லை எனவும் 2016 ஏப்ரலில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. இருபத்தேழாண்டு கழித்து! எனினும் பங்கிடுவோர் மேசையில் வேண்டுவோர் தொகையைக் காட்டிலும் மேலாள்வோர் வசதியே முன்னின்றது என்பதை அந்த ஒதுக்கீடு காட்டுகின்றது.

பழைய கணக்கின் அறத்தைத் தமிழ் மரபு எண்ணாமல் விடவில்லை. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் பதினோராம் அதிகாரம். நடுவு நிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நுட்பமானது. நமக்கு நன்மை செய்தாரை நினைக்கும்போதுதான் நடுவு நிலைமை சிதையும் இடர் பெரிது. அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே நன்றியின்பின் நடுவு வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகைவனிடம் நடுவுநிலை பிறழாதிருத்தல் அரிது என்றே பலரும் எண்ணுவர். நண்பனிடம் பிறழாதிருத்தலே அரிது என்று கண்ட உரையாசிரியர் அவர். வெளியூர்ச் சீட்டுக்குப் புள்ளிமுறை வகுப்போர் நன்றியோடு நின்றுவிடுகின்றனர். அடுத்த அதிகாரத்தைப் புரட்டுவதில்லை.

கிரிம்ஸ்பிக்கு மீள்வோம். 2016 மே 15ஆம் நாள் கிரிம்ஸ்பி டவுன் வெம்பிளி அரங்கில் வென்று, ஆறாண்டுகள் கிடந்த ஐந்தாம் அடுக்கிலிருந்து நான்காம் அடுக்குக்கு ஏறியது. முந்திய ஆண்டு இதே அரங்கில் தோற்றபோது ஆதரவாளர்கள் தாமே நிதி திரட்டிக் கழகத்துக்கு அளித்திருந்தனர். ஐந்து வாரத்திற்குச் சற்று மேலாகக் கழித்து, ஜூன் 23இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா விலகுவதா என்னும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நாடளவில் விலகலுக்கு 51.9 விழுக்காடு, கிரிம்ஸ்பியை உள்ளடக்கிய வடகிழக்கு லிங்கன்ஷயரில் ஏறத்தாழ 70 விழுக்காடு. தோற்கும் அணியை விட்டு நீங்காத அதே மக்கள், நாற்பத்து மூன்றாண்டு இருந்த கூட்டமைப்பை விட்டு நீங்க வாக்களித்தனர். இதில் முரண் உண்டா?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட சிறு நூலொன்று இதற்கு ஒளி தரும். பெர்லினில் 1915இல் பிறந்து, இட்லர் ஆட்சி வந்ததும் வெளியேறி, 1940இல் மார்சேய் துறைமுகத்திலிருந்து ஏதிலிகள் பலர் தப்ப உதவியவர் அவர். வெளியேறுதல் இன்னதென ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். ஓர் அமைப்பு நலிவுறும்போது அதன் உறுப்பினர்க்கு இருவழி உண்டு என்பார்: வெளியேறுதல் ஒன்று, குரல் கொடுத்தல் மற்றொன்று. பற்று என்பது வெளியேறுதலைத் தாமதப்படுத்திக் குரலுக்குக் காலம் ஈட்டித் தருவது. கால்பந்து ஆதரவாளனுக்கு வெளியேறும் வழி மெய்யாகவே இல்லை. பிற கழகத்திற்கு மாறியவனை ஊர் மன்னிக்காது. ஆதலால் அவனுக்குக் குரல் ஒன்றே படைக்கலம். லிவர்பூலில் 77ஆம் நிமிடத்தில் எழுந்து சென்றோர் அடுத்த ஆட்டத்திற்குத் திரும்பி வரவே எழுந்தனர். கிரிம்ஸ்பி மீனவனுக்கோ பிரசெல்சு நகரத்தில் தன் குரல் கேட்கும் என்னும் நம்பிக்கை என்றுமே வேர்கொள்ளவில்லை. பற்று முளைக்காத இடத்தில் வெளியேற்றம் எளிது.

மீனுக்காக அக்கூட்டமைப்பை நீங்கியோர் முன்னரும் உண்டு. கிரீன்லாந்து மக்கள் 1982இல் வாக்களித்து 1985இல் விலகினர். தம் கடலைத் தாமே ஆளும் உரிமையைப் பெற்றபின், அதில் மீன்பிடிக்கும் வாய்ப்பை அதே கூட்டமைப்புக்குப் பணம் பெற்றுக்கொண்டு வழங்கினர். சிறிய நாடு, மீனே அதன் பொருளாதாரம். பிரித்தானியாவின் நிலை வேறு. மீன்பிடித் தொழில் அந்நாட்டு வருவாயில் ஆயிரத்தில் ஒருபங்கு அளவே. பேரம் பேசும் மேசையில் அத்தொழிலுக்கு உணர்ச்சி மதிப்பு மிகுதி. எடைக்கல் மதிப்புக் குறைவு.

பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் விலகியது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் உடன்பாடு எட்டப்பட்டது. பிரித்தானியக் கடலில் ஐரோப்பியர் பெற்றுவந்த பங்கின் மதிப்பில் 25 விழுக்காடு ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகப் பிரித்தானியாவுக்கு மாறும் என்பது அதன் ஒருகூறு. கடல் முழுவதும் மீளும் என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது சிறு எண். அதனினும் நுண்ணிய துயரம் வேறு உண்டு. பிரித்தானியர் பிடிக்கும் மீனைப் பெரும்பாலும் அவர்கள் உண்பதில்லை. உண்ணும் மீனைப் பெரும்பாலும் அவர்கள் பிடிப்பதில்லை. கானாங்கெளுத்தி இனத்து மீனும் சிப்பியும் இறாலும் ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. காட், ஹேடக் ஆகியன ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகின்றன. இன்றைய கிரிம்ஸ்பிக்குக் கப்பலினும் மீன் பதப்படுத்தும் ஆலைகளே பெருந்தொழில். அவ்வாலைகளுக்குள் வருவதோ அயல்நாட்டு மீன். 2021 முதல் ஏற்றுமதிப் பெட்டிக்கு நலச்சான்று, பிடிப்புச் சான்று, சுங்கத் தாள் எனக் காகிதம் பெருகியது. கெடும் பண்டத்துக்குக் காலமே விலை என்பதை மீன்காரரினும் நன்கறிந்தவர் யார்? அதே ஆண்டு ஏப்ரலில் நார்வேயுடன் நடந்த பேச்சு முறிந்தது. ஹல் துறைமுகத்தின் எஞ்சிய தொலைகடல் கப்பலாகிய கிர்கெல்லா, நார்வேக் கடலில் அதுவரை தனக்கிருந்த இடத்தை இழந்தது. ஒன்றியத்துள் இருந்தபோது அவ்விடம் அதன் பழைய கணக்கில் கிடைத்தது. கணக்கேட்டை மூடியவருக்கு அதிலிருந்த வரவும் போயிற்று.

கால்பந்துக்கும் இவ்விலகலால் ஒரு புதிய புள்ளிமுறை வந்தது என்பதை ஈண்டுச் சுருங்கச் சொல்லலாம். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆட்டக்காரரும் உரிய புள்ளிகள் பெற்றாலன்றி ஆங்கிலேயக் கழகத்தில் ஆட இயலாது என்று விதி வந்தது. அவர் நாட்டணியில் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தகு லீகில் ஆடினார் என்பனவே அளவுகோல். பதினெட்டு வயது நிரம்பாத அயல்நாட்டாரைச் சேர்த்தல் முற்றும் நின்றது. 2003இல் பதினாறு வயதில் பார்சிலோனாவிலிருந்து ஆர்சனலுக்கு வந்த ஃபாப்ரிகாஸ் இன்றாயின் வந்திருக்க முடியாது. பெயர் பெற்றவருக்குக் கதவு திறக்கும். பெயர் பெறவேண்டியவருக்கு எளிதில் திறக்காது. வெளியூர்ச் சீட்டின் நோய் இங்கும் அதுவே.

விலகியவர்கள் தமக்குக் கிடைத்த கூடுதல் மீனைத் தம்முள் எவ்வாறு பங்கிட்டனர் என்பது பலரும் கேளாத கேள்வி. பிரித்தானியாவுக்குள் மீன் ஒதுக்கீடு பெரும்பாலும் 1994 முதல் 1996 வரையிலான பிடிப்பைக் கொண்டே நெடுங்காலம் நடந்துவந்தது. அதாவது பிரசெல்சின் பழைய கணக்கை வெறுத்தவர் வீட்டிலும் ஒரு பழைய கணக்கு இருந்தது. அந்நாட்டு மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பத்து மீட்டருக்கும் குறுகியவை. ஒதுக்கீட்டில் அவற்றுக்குக் கிடைத்ததோ மிகச் சிறு பங்கு. 2021 முதல் வந்த கூடுதல் பங்கில் இங்கிலாந்து அரசு சிறுபடகுகளுக்கும் ஒரு பகுதி தந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் முன்னர் இருந்த பெரும்பங்கு பழைய கைகளிலேயே தங்கிற்று. அயலான் வைத்திருந்தபோது அநீதியாய்த் தோன்றிய அளவுகோல், உள்ளூரான் வைத்திருக்கும்போது சொத்துரிமையாய்த் தோன்றுவது மனித இயல்பு போலும்.

மாற்று என்ன? குலுக்கல் என்பர் சிலர். கழகங்கள் சில அதனையும் கைக்கொள்கின்றன. குலுக்கல் என்றதும் தமிழறிஞர் நெஞ்சில் உத்திரமேரூர் தோன்றும். முதற்பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பர். அதனை மக்களாட்சியின் முழுவடிவம் என்று மேடைதோறும் முழங்குவது மிகை; அது நிலமும் மனையும் கல்வியும் உடைய அந்தணர் சபைக்கு உரிய ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு விதி கருதத்தக்கது: கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்பெறாது. முன்பு பெற்றவனுக்கு முதலிடம் என்பது வெளியூர்ச் சீட்டு முறை. முன்பு பெற்றவன் சற்றே விலகி நிற்க என்பது உத்திரமேரூர் முறை. முழுக் குலுக்கலை ஆதரவாளர் ஏற்கார். குளிரில் சென்றவனை அது அவமதிக்கும். ஐந்தில் நான்கு பங்கைப் பழைய கணக்குக்கும் ஒருபங்கைக் குடத்திற்கும் விட்டால் கழகம் கெட்டுவிடாது. பழைய புள்ளியும் மூன்று நான்கு பருவத்தில் தேய்ந்துபோக வேண்டும்; இளமையில் சென்றதைக் காட்டி முதுமைவரை வரிசையின் முன்னே நிற்றல் பற்றாகாது, பட்டாவாகும். கவியரங்கப் பட்டியல் வகுப்போரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கடலில் அவ்வாறு தேயும் ஏற்பாடு வரவில்லை. 2025 மே 19இல் பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்துகொண்ட புதிய இணக்கப்படி, ஐரோப்பியப் படகுகள் பிரித்தானியக் கடலுக்கு வரும் ஏற்பாடு 2038 ஜூன்வரை நீட்டிக்கப்பட்டது. உணவுப்பொருள் ஏற்றுமதிக்கான சோதனைகளைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு வழியும் அதனோடு திறந்தது. மீனவர் அமைப்புகள் சினந்தன. பதப்படுத்துவோருக்கும் ஏற்றுமதியாளருக்கும் ஆறுதல். ஒரே துறைமுகத்தில் இரு மனநிலை.

விளையாட்டரங்கிலோ கிரிம்ஸ்பி வேறு கதை எழுதிற்று. 2022-23 எஃப்.ஏ. கோப்பையில் தன்னினும் மேலடுக்கிலிருந்த ஐந்து கழகங்களை ஒரே பருவத்தில் வீழ்த்திக் காலிறுதிக்குச் சென்றது; அவ்வாறு செய்த முதற் கழகம் அதுவே. பிரைட்டன் நகரத்துக் காலிறுதிக்கு 15 விழுக்காட்டு விதிப்படி நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் கோரும் உரிமை அதற்கிருந்தது. அரங்கின் ஒரு கோடியில் காற்றடைத்த மீன்கள் திரண்டன. ஆட்டம் 5-0 எனத் தோல்வியில் முடிந்தது.

2025 ஆகஸ்ட் 27ஆம் நாள் நிலைமை தலைகீழாயிற்று. லீக் கோப்பை ஆட்டத்திற்கு மான்செஸ்டர் யுனைடெட் பிளண்டெல் பார்க்குக்கு வந்தது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தன் அரங்கில் அமர்த்தும் கழகத்தின் ஆதரவாளர்கள், கிளீத்தோர்ப்சின் ஒரு சிறு பந்தலில் இடம் கிடைக்குமா என்று வரிசையில் நின்றனர். ஆட்டம் 2-2 எனச் சமனாகி, தண்ட உதைகளில் 12-11 எனக் கிரிம்ஸ்பி வென்றது. அன்று சீட்டுக் கிடைத்த யுனைடெட் ஆதரவாளருக்கும் அவரவர் கழகக் கணக்கில் வழக்கம்போலவே புள்ளி ஏறியிருக்கும்.